ஓடாததும் ஓடும், தம்பி!

ஏம்பா தம்பி, கையில இன்னா புஸ்தகம்? முப்பதே நாள்ல இங்கிலீஷா? பேஷ், பேஷ். கோர்வை போட்ட ஒரு பட்டுச்சேலையைத் தறியிலிருந்து அறுக்கவே நமக்கு வாரக்கணக்குல ஆகுது. ஒரு பாஷையையே முப்பது நாள்ல அறுத்து மடிச்சுக் கொடுக்கறேன்னு ஒருத்தன் அச்சடிச்சு விக்கிறான்னா அவன் நல்ல வியாபாரி. நம்பி வாங்கினியே, நீ நல்ல பையன். உலகத்துக்கு ரெண்டு பேருமே வேணும்.

எந்தப் பக்கம் படிக்கறே? 'ரன் என்றால் ஓடு.' ஒரே வரி. அதுக்குக் கீழ செவப்பு மையில கோடு வேற. போச்சு போ. மத்த சொல்லெல்லாம் உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு போகும். இது ஒண்ணுதான் காலை வாரும்.

நம்ம தெருப் பையன் ஒருத்தன் இன்டர்வியூவுக்குப் போனான். உள்ள உட்கார்ந்திருந்தவர், அப்பா நெசவுன்னு தெரிஞ்சுக்கினு, "டூ யூ ரன் எ ஃபேமிலி பிசினஸ்?"னு பதமாத்தான் கேட்டிருக்கார். இவன் நெஞ்சை நிமித்திக்கினு, "நோ சார், ஐ கம் பை பஸ்"ன்னுட்டான். வேலை கிடைச்சுதான்னு கேக்காதே. பஸ் கிடைச்சுது.

அவன் மேல தப்பு இல்லப்பா. அந்தச் சொல்லோட வயிறு அப்பேர்ப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதின்னு ஒண்ணு இருக்குதே, அத்தப் பத்தி 1857ல லண்டன்ல பேச ஆரம்பிச்சாங்க. முதல் பகுதி வெளிய வந்தது 1884ல, முழுசா முடிஞ்சது 1928ல. பேசினவங்க ஒருத்தரும் முடிஞ்சதைப் பாத்திருக்க மாட்டாங்க. 1989ல ரெண்டாம் பதிப்பு வந்தப்போ, அதிக அர்த்தம் வச்சிருந்த சொல் 'செட்'. அதுக்கு 430 அர்த்தம். அப்புறம் திருத்தி எழுதறவங்க 'ரன்'கிட்ட வந்து சேர்ந்தாங்க. பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதிக்காரர் இந்த ஒரே சொல்லோட ஒன்பது மாசம் குந்தினார். 2011ல கணக்கு தெரிஞ்சுது: வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். காந்தாரியே நூத்தியொண்ணோட நிறுத்திக்கினா. இவர் ஒன்பது மாசத்துல அறுநூத்தி நாப்பத்தஞ்சை இறக்கி வச்சார்.

இப்ப உன் முப்பது நாளை எடு. 645ஐ முப்பதால வகுத்துப் பாரு. நாளைக்கு இருபத்தொண்ணரை அர்த்தம், இந்த ஒரே சொல்லுக்கு. அந்த அரையை எந்த நேரத்துல படிக்கறதுன்னு புஸ்தகக்காரனைத்தான் கேக்கணும்.

மூஞ்சியைத் தொங்கப் போடாதே. நம்ம 'ஓடு' மட்டும் ஒத்தை அர்த்தத்தோடவா கெடக்குது? காலையில எழுந்ததும் உங்க அம்மா இன்னா கேக்கறா? "தறி ஓடுதா?" தறி எங்கப்பா ஓடும்? குழி வெட்டி, மரம் நட்டு, உங்க தாத்தா காலத்துல எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்குது. ஓடறது ஊடை நூலைச் சுமந்துக்கினு போற நாடா. அதுவும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுலதான். ஆனாலும் பேச்சு என்னமோ தறி ஓடுதுன்னுதான். தெருவுல பாவு ஓட்டறோம். கரையில ஜரிகை ஓடுது. கேரளத்து நெசவாளி நாடாவுக்கே 'ஓடம்'னு பேர் வச்சிருக்கான்.

கடியாரம் செவுத்துல மாட்டினபடியே ஓடுது. மாசம் ஓடிப்போச்சு, கூலி வந்து சேரலை. ஜோசியர் ஏழரை ஓடுதுங்கறார். கடன்காரன் முன்வாசல்ல நின்னா கை ஓடலை, கால் ஓடலை. அப்புறம் ரெண்டும் சேந்து பின்வாசல் வழியா ஓடுது. கல்யாணப் பந்தியில கணக்குப் பாக்காம தின்னவனுக்கு மறுநாள் வயித்தால ஓடுது. தேரோட்டம்கிறோம். தேர் நகர்ற வேகத்துக்கு வடம் பிடிக்கறவன் நடுவுல மோர் குடிச்சுட்டு வந்து மறுபடியும் பிடிக்கலாம், ஆனா பேரு ஓட்டம். புதுத்தேர் செஞ்சா வெள்ளோட்டம் விடறோம். இங்கிலீஷ்காரன் அத்தையே 'ட்ரையல் ரன்'ங்கறான். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கினாப்பல.

படம் ஓடுதுன்னு சொல்றோமே, படம் எங்க ஓடுது? பாக்கறவன்தான் ஓடறான், சில படத்துக்கு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துது. படம் வெளிய ஓடிக்கினு இருந்தப்போ, அதுல நடிச்ச எம்.கே. தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல உள்ள இருந்தார். ஓட வேண்டியவர் உட்கார்ந்துட்டார், உட்கார வேண்டிய பொட்டி ஓடிச்சு.

ரயில் ஓடுது, அது வாஸ்தவம். ஆனா நம்ம ஆரணிக்குள்ள ஓடலை. விழுப்புரம்–காட்பாடி பாதையில 'ஆரணி ரோடு'ன்னு ஒரு ஸ்டேஷன். பேரை நம்பி இறங்கினா அது களம்பூர். திண்டிவனத்துலருந்து நகரிக்கு வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியா ஒரு பாதை போடறதா 2006லருந்து பேச்சு ஓடுது. பேச்சுதான் ஓடுது. நம்ம ஊர்ல இன்னும் வெள்ளோட்டம்கூட நடக்கலை.

இதெல்லாம் போதாதுன்னு கூரை மேல ஒரு ஓடு, பண்டாரத்துக் கையில ஒரு ஓடு, தேங்காய்க்கு ஒரு ஓடு. அப்புறம் 'என்னோடு வா'ங்கறதுல ஒட்டிக்கினு வர்ற ஓடு. எவனாவது வெள்ளைக்காரன் முப்பது நாள் தமிழ்ப் புஸ்தகம் வாங்கிக்கினு இங்க வந்தான்னா அவன் கதி இன்னா ஆகும்? 'என்னோடு வா'ன்னு கூப்பிட்டா, ஓடச் சொல்றாங்களா வரச் சொல்றாங்களான்னு ஆரணி பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு இருப்பான்.

உனக்கு இதுல ஒண்ணாவது குழப்பம் வந்துதா? இல்ல. யாரு சொல்லிக் கொடுத்தது? ஒருத்தரும் இல்ல. கடியாரத்தோட வந்தா ஒரு அர்த்தம், வயித்தோட வந்தா வேற அர்த்தம்னு பக்கத்துல நிக்கற சொல்லைப் பாத்தே பிடிச்சுக்கினே. சொல்லுங்கறது நாடா மாதிரி. தனியா எடுத்துக் கையில வச்சுப் பாத்தா அது வெறும் மரக்கட்டை. பாவுக்குள்ள விட்டாத்தான் அது நெய்யுது. உன் புஸ்தகக்காரன் பாவை உருவிட்டுக் கட்டையை மட்டும் உன் கையில கொடுத்திருக்கான்.

இனி வித்தியாசத்துக்கு வர்றேன். இங்கதான் நீ காதைத் தீட்டிக்கணும். இங்கிலீஷ்காரனும் நாமும் எல்லா இடத்துலயும் சேந்து ஓடறதில்லை. நம்ம கடை நடக்குது, கல்யாணம் நடக்குது, கூட்டம் நடக்குது, பள்ளிக்கூடம் நடக்குது. நாம எல்லாத்தையும் நடத்தறோம். அவன் கடையை ஓட்டறான், பள்ளிக்கூடத்தை ஓட்டறான், ஆஸ்பத்திரியையும் ஓட்டறான். அதனால 'ரன் எ ஷாப்'னா கடையை விட்டு ஓடறது இல்ல, கடையை நடத்தறது. நம்ம ஊர்ல சில பேர் ரெண்டையும் அடுத்தடுத்துச் செய்வாங்க, அது வேற சங்கதி.

நமக்குக் காய்ச்சல் அடிக்குது. அவனுக்கு உடம்புல சூடு ஓடுது. நமக்கு மூக்கு ஒழுகுது, அவனுக்கு மூக்கு ஓடுது. சாயம் நம்ம சேலையில போகும், அவன் துணியில ஓடும். ரெண்டுல எது நடந்தாலும் வாடிக்கைக்காரி நம்ம கடைக்குத் திரும்பி வரமாட்டா. காலுறையில ஒரு இழை விட்டுக்கிட்டு மேல வரைக்கும் பிரிஞ்சு போச்சுன்னா, அமெரிக்கக்காரி அத்தை 'ரன்'ங்கறா. நெசவுக்காரன் பிள்ளை நீ, இழை ஓடறதுன்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா? அந்த ஒரு அர்த்தத்துக்கு நீ பைசா கொடுத்திருக்கவே வேணாம்.

தேர்தலைப் பாரு. இங்கிலாந்துல தேர்தல்ல 'நிக்கறான்'. அமெரிக்காவுல தேர்தல்ல 'ஓடறான்'. நாம இங்கிலாந்துப் பக்கம். நம்ம ஆளும் நிக்கறான். கும்பிட்ட கையோட வாசல் வாசலா வந்து நிக்கறான். ஜெயிச்சதும் அமெரிக்கக்காரனா மாறிடறான், அவ்வளவுதான்.

ஆறு நமக்கும் ஓடும், அவனுக்கும் ஓடும். நம்ம ஊரு ஆறு கமண்டல நாகநதியைக் கேட்டா அதுக்கே சிரிப்பு வரும். மழை பிடிச்சா ஓடும். மத்த நாள்ல அந்த மணல்ல பையனுங்க மூணு குச்சியை நட்டுட்டு ரன் ஓடறாங்க. கிரிக்கெட்டுல இந்தச் சொல் பேரா மாறிக் குந்திக்குது. ஓடினா ரன், ஓட முடியலைன்னா ரன் அவுட். பந்து கோட்டைத் தாண்டிட்டா ஓடாமலே நாலு ரன். உக்காந்த இடத்துலயே வட்டி வாங்கறவன் ஆட்டம் அது.

இவ்வளவு அர்த்தம் இந்த ஒரு சொல்லுக்கு எப்படிச் சேந்துதுன்னு கேளு. ஓடறதுக்குக் கால் வேணும்னு இருந்த காலத்துல அதுக்கு இவ்வளவு பவிசு இல்ல. மிஷின் வந்துதான் அத்தைப் பெரிய ஆளாக்கிச்சு. 1733ல ஜான் கேங்கற இங்கிலீஷ்காரன் கயித்தை இழுத்தா நாடா தானாப் பாயற மாதிரி செஞ்சான். 1785ல எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமை வாங்கினான். அப்புறம் லங்காஷயர்ல மில்லு மில்லா எழும்பிச்சு. கால் இல்லாத இரும்பு ராத்திரி பகலா வேலை செஞ்சா, அத்தை இன்னான்னு சொல்றது? 'ரன் ஆகுது'ன்னான். ரயிலு, மோட்டாரு, பம்பு செட்டுன்னு வரிசையா அந்தச் சொல்லுக்குள்ள ஏறிச்சு. இப்ப கம்ப்யூட்டர்ல புரோகிராமும் ரன் ஆகுது. அந்தப் பொட்டியும் நம்ம தறி மாதிரி, இருந்த இடத்தை விட்டு அசையறதில்ல. ரகம் பிரிக்காம மில்லுலருந்து வந்தபடியே வர்ற சரக்கை 'ரன் ஆஃப் தி மில்'னான். இன்னிக்கு அதுக்கு அர்த்தம், விசேஷம் ஒண்ணும் இல்லாத சாதாரண ஆள். யாராவது உன்னை அப்படிச் சொன்னா சிரிச்சுக்கினே தேங்க்யூன்னு சொல்லிடாதே.

அந்த மில்லு ஓட ஓட இங்க எத்தனை தறி நின்னுதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். 1985ல நம்ம சர்க்கார் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கிச் சட்டம் போட்டுது. பட்டுல கரையும் முந்தியும் வச்ச சேலை அதுல உண்டு. சட்டம் காகிதத்துல நல்லாத்தான் ஓடுது. அதே சேலை ராத்திரியில எங்கெங்க விசையில ஓடுதுன்னு காதுள்ளவனுக்குக் கேக்கும். நான் கொஞ்சம் செவிடு.

இந்தச் சொல்லுக்கும் நம்ம ஊருக்கும் பழைய பழக்கம்பா. 1751ல ஆற்காட்டு முற்றுகை முடிஞ்சதும், டிசம்பர் 3ந்தேதி ராபர்ட் கிளைவ் ஆரணிக்கிட்ட வந்து சந்தா சாகிப் மகன் ராஜா சாகிப் படையையும், கூட இருந்த பிரெஞ்சுக்காரங்களையும் அடிச்சு விரட்டினான். 'ரன்'னுக்கு முதல் அர்த்தம் அன்னிக்கே நம்ம மண்ணுல நடத்திக் காட்டிட்டான்: ஓடறது. 1782ல ஹைதர் அலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் இங்கயே மோதினாங்க. அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரன் ரெண்டாம் அர்த்தத்தையும் காட்டினான்: நாட்டையே ஓட்டறது. 'ரன் அவே'க்கும் 'ரன் தி கன்ட்ரி'க்கும் வித்தியாசம் இன்னான்னு எவனாவது கேட்டா இந்தச் சரித்திரத்தைச் சொல்லு. முதல்ல ஓட வைக்கணும், அப்புறம் ஓட்டணும்.

சரி, சிரிச்சது போதும். பரீட்சைக்கு உதவற மாதிரி மூணே கேள்வி சொல்றேன், புஸ்தகத்தோட கடைசிப் பக்கத்துல எழுதிக்கோ.

முதல் கேள்வி: ஓடறது எது? மனுஷன்னா கால் ஓடுது. மிஷின்னா வேலை செய்யுது. தண்ணின்னா பாயுது. நாடகம், சினிமான்னா நடந்துக்கினு இருக்குது. ரோடும் வேலியும் 'ரன்' ஆனா, அந்தப் பக்கமா நீண்டு போகுதுன்னு அர்த்தம். ரோடு ஓடுதுன்னு பயந்து ஓரம் ஒதுங்க வேணாம்.

ரெண்டாவது கேள்வி: யாராவது எதையாவது ஓட்டறாங்களா? 'ஹி ரன்ஸ்'னா அவன் ஓடறான். 'ஹி ரன்ஸ் எ மில்'னா அவன் மில்லு முதலாளி. அவன் ஓடவே மாட்டான், கார்லதான் வருவான். பின்னால ஒரு பொருள் நின்னா அர்த்தம் அப்படியே புரண்டு படுக்கும். நம்ம ஊர்ப் பையன் தடுக்கி விழுந்தது இந்த இடத்துலதான்.

மூணாவது கேள்வி: வாலுல இன்னா குட்டிச்சொல் தொங்குது? வால்தான் விஷம். 'ரன் அவுட்'னா தீந்து போச்சு. பட்டு நூல் ரன் அவுட் ஆச்சுன்னா நூல் எழுந்து வெளிய ஓடிப்போகலை, கையிருப்பு காலி. 'ரன் இன்டூ' ஒரு ஆளோடன்னா எதிர்பாராம பாத்தது. மரத்தோடன்னா ஆஸ்பத்திரி. 'ரன் ஓவர்' வண்டியோட வந்தா ஆளு காலி, கூட்டத்தோட வந்தா நேரம் நீண்டு போச்சு. 'ரன் டவுன்' கட்டடத்துக்குச் சொன்னா இடிஞ்சு கெடக்குது, மனுஷனைச் சொன்னா மட்டம் தட்டறது இல்லன்னா உடம்பு அசந்து போறது. 'ரன் த்ரூ' கணக்கு நோட்டோடன்னா ஒரு பார்வை பாக்கறது, கத்தியோடன்னா குத்தறது. 'ரன் லேட்'னா தாமதம். தாமதமாகறவன் ஓடத்தான் செய்வான்னு அவன் நினைச்சிருக்கான். நம்ம ஊருக்கு வந்து பாத்ததில்ல.

இன்னும் ஒண்ணு. 'இன் தி லாங் ரன்'னு அடிக்கடி கேப்பே. நெடுநாள் கணக்குல பாத்தான்னு அர்த்தம். லோன் கொடுக்கறவனும் சீட்டுப் பிடிக்கறவனும் இந்த வார்த்தையை ஆசையாச் சொல்லுவான். அவன் அப்படிச் சொன்னா அந்த நெடு ஓட்டம் உனக்கா அவனுக்கான்னு கேட்டுட்டு கையெழுத்துப் போடு.

தமிழ்ல சும்மா பேசறப்பவே நீங்கள்ளாம் கேலி பண்றதை 'ஓட்டறது'ங்கறீங்க. "தாத்தா என்னை ஓட்டறாரு"ன்னு நீ பின்னால சொல்லுவேன்னும் தெரியும். இந்த அர்த்தம் எந்த லண்டன்காரன் எழுதினது? இங்கத்திப் பசங்க நீங்களாச் செஞ்சது. உங்க வாயில புது அர்த்தம் பிறக்கறப்போ அவங்க சொல்லுல 645 இருக்கறதுல இன்னா அதிசயம்? பேசறவன் இருக்கற வரைக்கும் சொல் குட்டி போடும்.

தறியை விட்டு ஏண்டா ஓடறேன்னு நான் உன்னைக் கேக்கப் போறதில்ல. கூலிக்கும் விலைவாசிக்கும் நடுவுல இருக்கற தூரம் எனக்கும் தெரியும். செய்யாறு சிப்காட்டுக்குப் போ, ஒரகடத்துக்குப் போ, அமெரிக்காவுக்கும் போ. ஆனா ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்குதுன்னு தெரிஞ்சுக்கினு போ. இங்க நெய்த சேலை சில கடையில வேற ஊர்ப் பேருல ஓடுது. அந்தக் கடைக்காரன்கிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை கேக்கற அளவுக்காவது நீ படிச்சா, உன் புஸ்தகக் காசு வீண் இல்ல.

அதனால தம்பி, பட்டியலை மனப்பாடம் பண்ணாதே. தினமும் ஒரு பத்தி இங்கிலீஷ் பேப்பர் படி. நம்ம கிளை நூலகத்துல சும்மாவே கிடைக்கும். 'ரன்' வர்ற இடத்துல நின்னு அந்த மூணு கேள்வியைக் கேளு. இருபது அர்த்தம் கைக்கு வந்துட்டா எந்த இன்டர்வியூவையும் தாண்டிடலாம். மீதி அறுநூத்தி இருபத்தஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்காரன் பாத்துக்குவான், அவனுக்குச் சம்பளம் அதுக்குத்தான்.